இரண்டு மாதம் அடங்கியிருந்த ரத்தப்போக்கு ஏழாம் மாதம் ஏன் திரும்பியது?

இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தள்ளிப்போட்டதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை, இதில் என் தவறும் இருக்கிறது. சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 34, ஒரு குழந்தை. பெரிய பெண் ஆனதிலிருந்தே பீரியட்ஸ் வலி உண்டு, முதல் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிடுவார். "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று வீட்டில் சொன்னதை நம்பியே பதினைந்து வருடங்களுக்கு மேல் ஓட்டியிருக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாக இருந்து, அப்புறம் பழையபடி ஆரம்பித்து, கடைசி ஒரு வருடமாக மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் இடது அடிவயிற்றில் இழுக்கிற மாதிரி வலி, மலம் கழிக்கும்போது குத்தல், உடலுறவின்போது வலி. ஸ்கேனில் இடது சினைப்பையில் 4.8 சென்டிமீட்டர், வலதில் 2.1 சென்டிமீட்டர் என இரண்டு கட்டிகள். உள்ளே தேய்த்த கண்ணாடி போல ஒரே சீரான சாம்பல் நிறம், ரத்த ஓட்டம் இல்லை. சாக்லேட் சிஸ்ட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான், எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயின் ஒரு வடிவம். கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பையில் ஒட்டி வளர்ந்து, அங்கே கசியும் ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கித் தேங்கிக் கெட்டியான பழுப்புக் குழம்பாகிவிடும்.

அறுவை சிகிச்சையை நான் உடனே சொல்லவில்லை. கட்டியை உரித்தெடுக்கும்போது அதோடு நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் போய்விடும், இரண்டு பக்கமும் கட்டி இருந்தால் இழப்பும் இரண்டு பக்கமும். இவருக்கு ஏஎம்ஹெச் (சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏற்கெனவே 1.4 தான், அதோடு ஒன்றிரண்டு வருடம் கழித்து இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. அதனால் புரோஜெஸ்ட்ரோன் போல வேலை செய்யும் புரோஜெஸ்டின் வகை மாத்திரையான டயனோஜெஸ்ட் 2 மில்லிகிராம், தினமும் ஒன்று, இடைவெளி இல்லாமல். இது கருத்தடை மாத்திரையாகப் பரிந்துரைக்கப்படுவது இல்லை, ஆணுறை கட்டாயம் என்றும் சொல்லியாயிற்று.

ரத்தப்போக்கைப் பற்றி முதல் நாளே பேசினோம். இந்த மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்களில் பலர் வலி தீராததால் விடுவதில்லை, "பீரியட்ஸ் நிற்கும்னு சொன்னீங்க, இப்ப தினமும் வருதே" என்றுதான் விடுகிறார்கள். மருந்துக் குறிப்பேட்டில் உள்ள கணக்கு இப்படி: முதல் 90 நாளில் சுமார் 38 சதவீதம் பேருக்கு நீண்ட நாள் நீடிக்கும் ரத்தப்போக்கு, 35 சதவீதம் பேருக்கு ஒழுங்கற்ற போக்கு, முற்றிலும் நின்றுபோனவர்கள் 2 சதவீதம்கூட இல்லை. வருடக் கடைசி மூன்று மாதத்தில் நீடிக்கும் போக்கு 4 சதவீதமாகக் குறைகிறது, முற்றிலும் நின்றவர்கள் 28 சதவீதம். அதாவது ஆரம்பத்தில் படுத்தும், போகப்போக அடங்கும். ஒரு வருடம் கழித்தும் எல்லோருக்கும் நின்றுவிடாது, இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏன் அப்படி? சாதாரண மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் உள்சவ்வை வளர்க்கிறது, புரோஜெஸ்ட்ரோன் அதைப் பக்குவப்படுத்துகிறது, பிறகு இரண்டும் சேர்ந்து இறங்கும்போது சவ்வு ஒரேயடியாகக் கழன்று, ரத்தக்குழாய்கள் சுருங்கி, நாலைந்து நாளில் கதை முடிந்துவிடும். தினமும் புரோஜெஸ்டின் கொடுத்தால் இந்த இறக்கமே கிடையாது. சவ்வு மெலிந்துகொண்டே போகிறது, அதன் மேற்பரப்பில் உள்ள நுண்குழாய்கள் அகன்று, சுவர் மெலிந்து, தொட்டால் உடைகிற நிலைக்கு வருகின்றன. பழைய சுவரில் காரை உதிர்வது மாதிரி, இன்று ஒரு மூலையில், நாளை இன்னொரு மூலையில். அதனால்தான் அது பீரியட்ஸ் போல இல்லாமல் பழுப்பாக, சொட்டாக, நாள் கணக்கில் வருகிறது.

அவர் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். கறை மட்டும் என்றால் ஒரு புள்ளி, பேட் தேவைப்பட்டால் புள்ளியைச் சுற்றி வட்டம், ஒரு நாளில் மூன்று பேடுக்கு மேல் போனால் வட்டத்துக்குள் பெருக்கல் குறி. கைபேசிச் செயலிகளைவிட இது எனக்குப் பிடித்திருந்தது, ஒரே பார்வையில் மாதம் முழுக்கத் தெரியும். முதல் மாதம் 19 புள்ளி, இரண்டாவது மாதம் 14, மூன்றாவது 9, நாலாவது 3. ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும் வெறும் கட்டங்கள். ஐந்தாம் மாத முடிவில் எடுத்த ஸ்கேனில் இடது கட்டி 3.6 ஆகச் சுருங்கியிருந்தது, உள்சவ்வின் தடிமன் 3.5 மில்லிமீட்டர். வலி மாத்திரையே தொடவில்லை என்றார். நான் உள்ளூர மகிழ்ந்து, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று அனுப்பினேன்.

201ஆம் நாள் போன் வந்தது.

"டாக்டர், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் மாத்தறேன். கட்டி கட்டியா போகுது."

"மாத்திரை ஏதாவது விட்டுட்டீங்களா?"

"இல்லையே."

"சரி, இந்த மாத்திரை சாப்பிடும்போது நடுவுல இப்படி வர்றது உண்டுதான், பயப்படாதீங்க" என்று சொல்லி, வலியையும் போக்கையும் குறைக்கும் மெஃபனமிக் அமிலம் மூன்று நாளைக்கு எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இடைப்பட்ட ரத்தப்போக்கு என்று நாம் சொல்வது ஒரு பெயர்தான், காரணம் இல்லை. பெயரைச் சொன்னதுமே காரணத்தையும் சொல்லிவிட்ட திருப்தி வந்துவிடுகிறது, அங்கேதான் சறுக்கினேன். நோட்டை ஒருமுறை மனதில் ஓட்டியிருந்தால் போதும். புரோஜெஸ்டினால் வரும் கசிவு ஆரம்பத்தில் அதிகமாக இருந்து குறைந்துகொண்டே போகும். இரண்டு மாதம் ஒரு சொட்டுகூட இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று கட்டி கட்டியாகக் கொட்டுவது அந்த வரிசையில் சேராது.

ஒன்பது நாள் பொறுத்துவிட்டு நேரில் வந்தார், கூடவே அவருடைய அக்கா. படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. நாடித்துடிப்பு 104. சிகிச்சை ஆரம்பிக்கும்போது 12.4 ஆக இருந்த ஹீமோகுளோபின் இப்போது 9.3, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. அக்காவுக்குக் கோபம், அது நியாயமும்கூட: "மருந்து கேட்கலன்னா ஆபரேஷனே பண்ணிடலாமே, எதுக்கு இவ்வளவு இழுக்கணும்?"

முதலில் கர்ப்பப் பரிசோதனை. ஆறு மாதமாக மாதவிலக்கே இல்லாதவருக்கு எதற்கு என்று தோன்றலாம், ஆனால் எதிர்பாராத ரத்தப்போக்கில் இதைத் தாண்டி எதையும் யோசிக்கக் கூடாது, குழாயில் தங்கிய கர்ப்பம் ஒன்றைத் தவறவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. இல்லை என்று வந்தது. கர்ப்பப்பை வாயில் புண்ணோ சதை வளர்ச்சியோ இல்லை, தொற்றின் அறிகுறி இல்லை. தைராய்டு சரி. சிறுவயதிலிருந்தே ஈறில் ரத்தம், பல் பிடுங்கியபோது நிற்காத ரத்தம் என்று ஏதும் இல்லை, எனவே உறைதல் கோளாறு பக்கம் உடனே போகவில்லை.

அப்புறம் ஸ்கேன். இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. உள்சவ்வு 9 மில்லிமீட்டர். வலது சினைப்பையில், பழைய சாக்லேட் கட்டிக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு 3.2 சென்டிமீட்டர் கட்டி, மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னொண்ணா?" என்றார். அவரைப் பொறுத்தவரை கட்டி என்றால் நோய், புதுக் கட்டி என்றால் நோய் பரவுகிறது. எனக்கோ அந்தக் கட்டிதான் முதல் துப்பு. சாக்லேட் கட்டி இப்படித் தெளிவாக இருக்காது. இது முட்டை வளரும் பை, அளவில் கொஞ்சம் பெரிதாகிவிட்ட பை. டயனோஜெஸ்ட் சாப்பிடும்போதே இப்படிப் பைகள் தங்கிவிடுவது உண்டு, பெரும்பாலும் தானே கரையும், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் உள்சவ்வும் சேர்ந்து தடித்திருக்கிறதே, அதுதான் விஷயம். தூங்கவைத்திருந்த சினைப்பை விழித்துக்கொண்டு ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, அந்த ஈஸ்ட்ரோஜனில் சவ்வு வளர்ந்து, தாங்க முடியாமல் உடைகிறது. ரத்தத்தில் எஸ்ட்ரடையால் (முக்கியமான ஈஸ்ட்ரோஜன்) பார்த்தோம், 196. மாத்திரை ஒழுங்காக வேலை செய்கிறவரிடம் நான் எதிர்பார்க்கிறதைவிட அதிகம் இது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் சிகிச்சையே இங்கேதான் திசை பிரிகிறது. ஹார்மோன் சிகிச்சையின்போது சவ்வு மெலிந்து கசிந்தால் ஒரு வைத்தியம், தடித்து உடைந்தால் வேறு வைத்தியம். மெலிந்த சவ்வு என்றால் பொறுத்திருக்கலாம், அல்லது குறுகிய காலத்துக்குக் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் கொடுத்து அந்த நுண்குழாய்களைப் பலப்படுத்தலாம், சில மருத்துவர்கள் சில நாள் மாத்திரையை நிறுத்தி ஒருமுறை கழியவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். தடித்த சவ்வுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போலத்தான். பேடில் பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு. ஸ்கேன் வைத்துப் பார்க்காமல் போனில் சொல்லவே முடியாது, நான் சொன்னேன்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. கர்ப்பப்பையின் பின்சுவர் கொஞ்சம் பருத்தது போல் தெரிந்தது, அடினோமயோசிஸ் இருந்தால், அதாவது அதே திசு கர்ப்பப்பையின் தசைக்குள்ளேயே ஊடுருவியிருந்தால், டயனோஜெஸ்ட் ரத்தப்போக்கை அதிகப்படுத்தலாம், நீடித்தால் கடுமையான ரத்தசோகைவரை போகலாம் என்று மருந்துக் குறிப்பேடே எச்சரிக்கிறது. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக் கட்டி) உள்ளவர்களுக்கும் அதே எச்சரிக்கை. எம்ஆர்ஐ எடுத்தோம். அடினோமயோசிஸ் என்று சொல்லும்படி இல்லை, ஃபைப்ராய்டும் இல்லை, உள்சவ்வில் சதை வளர்ச்சியும் (பாலிப்) இல்லை.

சரி, அப்படியென்றால் மருந்து ஏன் திடீரென்று வேலையை விட்டது? மாத்திரைப் பட்டையைக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு குழிக்கும் பின்னால் பேனாவால் தேதி எழுதியிருந்தார், ஒன்றுகூட விடவில்லை. வாந்தி? இல்லை. வயிற்றுப்போக்கு? இல்லை. மாத்திரை விழுங்கி மூன்று நாலு மணி நேரத்துக்குள் வாந்தியோ கடும் பேதியோ வந்தால் உள்ளே போகாமல் போய்விடும், அன்று இன்னொன்று சாப்பிட வேண்டும், அதனால் கேட்டேன். வலி திரும்பியதா? கொஞ்சம் யோசித்து, ரத்தம் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இடது பக்கம் லேசாக இழுத்தது, மலச்சிக்கல் என்று நினைத்தேன் என்றார். வேறு ஏதாவது மருந்து? "இல்ல டாக்டர், வேற எதுவும் சாப்பிடறதில்ல."

அக்காதான் சொன்னார்: "அந்தப் பல் மாத்திரை?"

கைப்பையைக் கவிழ்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தார். கத்தரியால் வெட்டின துண்டு, ஆறு மாத்திரை, வெட்டு சரியாகப் பெயரின் மேல் போயிருந்தது, மிச்சம் "...மஸெபின் 200" என்று மட்டும். கார்பமஸெபின். வலது கன்னத்தில் மின்சாரம் பாய்வது போல வலி வந்து, பல் என்று நினைத்துப் பல் மருத்துவரிடம் போய், அவர் பல்லில் ஒன்றுமில்லை, முக நரம்பு வலி என்று நரம்பு மருத்துவரிடம் அனுப்ப, அவர் எழுதிக் கொடுத்தது. இரவு ஒன்றில் ஆரம்பித்துக் காலை ஒன்று இரவு ஒன்று. ஆனால் இவர் மனதில் அது கடைசிவரை பல் விவகாரம், கர்ப்பப்பை மருத்துவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? நரம்பு மருத்துவர் வேறு மருந்து உண்டா என்று கேட்டபோது "ஹார்மோன் மாத்திரை" என்று சொன்னதாகவும், அவர் தைராய்டு என்று எடுத்துக்கொண்டிருக்கலாம் என்றும் சொன்னார். யாரையும் குறை சொல்ல வரவில்லை. மூன்று அறைகளிலும் கேள்வி கேட்கப்பட்டது, மூன்றிலும் பதில் கிடைத்தது.

டயனோஜெஸ்ட்டைச் சிதைப்பது பெரும்பாலும் கல்லீரலில் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி. கார்பமஸெபின் அந்த நொதியின் உற்பத்தியைக் கூட்டிவிடுகிறது. நொதி கூடினால் மாத்திரை வழக்கத்தைவிட வேகமாகக் கரைந்து, அடுத்த மாத்திரை வருவதற்குள் ரத்தத்தில் சரக்கு தீர்ந்துபோகிறது. ஃபெனிட்டாயின், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், மனச்சோர்வுக்கென்று கடையில் கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை எல்லாம் இதே வேலையைச் செய்யும். ரிஃபாம்பிசினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் உடலுக்குக் கிடைக்கும் டயனோஜெஸ்ட்டின் அளவு 83 சதவீதம் குறைந்தது. தினமும் தவறாமல் சாப்பிட்டும் சாப்பிடாத கதைதான். நொதி ஏறுவதற்குச் சில வாரம் ஆகும், அப்புறம் முட்டைப்பை வளர, சவ்வு தடிக்க இன்னும் சில வாரம், கணக்குப் போட்டால் 201ஆம் நாள் பொருந்துகிறது.

கார்பமஸெபினைத் தடாலென்று நிறுத்தச் சொல்லக் கூடாது, அது என் மருந்தும் இல்லை. நரம்பு மருத்துவரிடம் நானே பேசினேன். அவர் உடனே புரிந்துகொண்டு, நொதியைத் தூண்டாத கபாபென்டினை ஆரம்பித்து, கார்பமஸெபினை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார். நிறுத்திய பிறகும் நொதி இறங்க நாலு வாரம்வரை ஆகலாம். அதுவரை ரத்தத்தை நிறுத்த டிரனெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், நாளைக்கு மூன்று வேளை, நாலு நாள். அதற்கு முன் அவருக்கோ நெருங்கிய ரத்த உறவினருக்கோ காலில், நுரையீரலில் ரத்தம் உறைந்த வரலாறு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டேன். இரும்புச்சத்து மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள். டயனோஜெஸ்ட்டை நிறுத்தவில்லை. புதுக் கட்டியைத் தொடவே இல்லை, அக்காவுக்கு அதுதான் கடைசிவரை ஒப்பவில்லை.

நரம்பு வலிக்குக் கார்பமஸெபின்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் என்ன செய்வது என்றும் பேசி வைத்தோம். கர்ப்பப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம் அங்கேயே மருந்தை விடுவதால் கல்லீரல் நொதி அதை அதிகம் பாதிக்காது, வலிக்கும் ரத்தப்போக்குக்கும் நல்லது, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு முட்டை வெளிப்படுவதை அது நிறுத்தாது, சாக்லேட் கட்டியை அடக்க அதை மட்டும் நம்ப முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் புரோஜெஸ்டின் ஊசியை நொதி ஒன்றும் செய்யாது, ஆனால் நிறுத்திய பிறகு முட்டை வெளிப்படுவது திரும்ப மாதக்கணக்கில் தாமதமாகலாம், எலும்பு அடர்த்தியும் குறையும், குழந்தை வேண்டும் என்று சொல்கிறவருக்கு அது என் முதல் தேர்வு இல்லை.

இதே நோய்க்கு வேறு சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இந்த யோசனை ஓரளவு உதவும். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் கட்டளையை அடக்கும் ஜிஎன்ஆர்ஹெச் ஊசி போட்டவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோன் ஏறிவிட்டுத்தான் இறங்கும், அந்த முதல் மாதம் ஒரு ரத்தப்போக்கு வருவது எதிர்பார்த்ததே, ஆனால் நன்றாக நின்ற பிறகு திரும்பினால் முதலில் ஊசி தேதி தள்ளிப்போனதா என்று பார்க்க வேண்டும். இடைவெளியில்லாமல் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கசிவு வந்தால், குறைந்தது 21 நாள் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் மூன்று நாலு நாள் நிறுத்திவிட்டுத் தொடரலாம். எந்தச் சிகிச்சையானாலும் மணிக்கு ஒரு பேட் நனைந்து அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், தலை சுற்றி மயக்கம் வந்தால், காய்ச்சல் இருந்தால், அல்லது ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலி வந்து வாந்தியும் எடுத்தால் போன் பண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவு. கடைசியாகச் சொன்னது கட்டி உடைந்ததோ சினைப்பை முறுக்கிக்கொண்டதோ ஆக இருக்கலாம்.

நாலு நாளில் ரத்தம் கறையளவுக்கு வந்தது. அதன்பின் சுமார் ஐந்து வாரம் புள்ளிகள் தொடர்ந்தன, வட்டம் இல்லாமல். ஆறாவது வார ஸ்கேனில் அந்தத் தெளிந்த கட்டி போன இடம் தெரியவில்லை, சவ்வு 4 மில்லிமீட்டர், இடது சாக்லேட் கட்டி 3.7, அதாவது கிட்டத்தட்ட பழைய அளவே. ஹீமோகுளோபின் எட்டு வாரத்தில் 11.8. எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது, கபாபென்டின் அவருடைய கன்னத்து வலியைக் கார்பமஸெபின் அளவுக்கு அடக்கவில்லை, குளிர்ந்த காற்று பட்டால் இன்னும் சுண்டுகிறது, பல் தேய்க்கும்போது இடது பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார். மாத்திரையை மாற்றலாமா என்று நரம்பு மருத்துவர் கேட்டதற்கு, இப்போதைக்கு வேண்டாம், இதைத் தாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

பத்தாம் மாதம் வந்தபோது மறுபடி வெறும் கட்டங்கள். தேதிகளைச் சரிபார்த்து இதை எழுதலாம் என்று நோட்டைக் கேட்டு வாங்கி ஆறாம் மாதப் பக்கத்தைத் திருப்பினேன், 163ஆம் நாள் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலில் சின்ன எழுத்தில் இருந்தது: "பல் மாத்திரை இன்று முதல், இரவு 1." ரத்தப்போக்கோடு வந்த அன்றைக்கும் இதே பக்கத்தைத்தான் புரட்டியிருந்தேன், புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு.